ஐந்தாவது ஷாம்றொக்: ஒரு பந்தயப் பாய்க்கலமும் அதனைத் தாங்கிய உழைப்பும்

தோற்றுவாய்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் அரச ஆவணமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், மனித உழைப்பினால் உருவாகிப் பல தலைமுறைகள் பயன்பாட்டில் இருந்துவந்த பொருள் ஒவ்வொன்றும் ஒருவகையில் ஆவணமே. அதனை யார் செய்வித்தார், யார் செய்தார், யார் பயன்படுத்தினார், பழுதுற்றபோது யார் மீளச் செப்பனிட்டார் என்னும் வினாக்களை எழுப்பின், எழுத்தாவணங்கள் பலவேளைகளில் சொல்லாது விட்டவற்றை அப்பொருள் சொல்லக்கூடும்.

இந்நோக்கில் நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது ஒரு மரக்கலமாகும். 1930 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கொஸ்போர்ட்டில் கட்டப்பெற்ற ஐந்தாவது ஷாம்றொக் என்னும் பந்தயப் பாய்க்கலமே அது. கலத்தின் உரிமையாளர் சேர் தோமஸ் லிப்டன். இலங்கையரான நமக்கு அப்பெயர் தேயிலைப் பெட்டியின் வாயிலாகவே அறிமுகமானது. மேனாட்டுக் கடற்பந்தய வரலாற்றிலோ அது தோல்வியைப் புன்னகையோடு ஏற்றவரின் பெயராக வழங்குகின்றது. இவ்விரு அறிமுகங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பை விளக்குவதும், அக்கலத்தைத் தாங்கிநின்ற உழைப்பாளரை இனங்காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிப்டனும் வெள்ளிக்கிண்ணமும்

1851 ஆம் ஆண்டு அமெரிக்கா என்ற பெயருடைய பாய்க்கலம் இங்கிலாந்தின் வைற் தீவைச் சுற்றி நடைபெற்ற பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கிண்ணத்தை வென்றது. 1857 இல் அக்கிண்ணம் நியூயோர்க் பாய்க்கலக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த நாட்டுக் கழகமும் அதற்கு அறைகூவல் விடலாம் என்பது ஒப்படைப்பின் நிபந்தனை. கலத்தின் பெயரால் அமெரிக்கக் கிண்ணம் என வழங்கிய அதனை 1983 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியர் வெல்லும்வரை ஐக்கிய அமெரிக்காவிடமிருந்து எவராலும் மீட்க முடியவில்லை.

தோற்ற அறைகூவலாளருள் மிகுந்த புகழ் பெற்றவர் லிப்டனே. கிளாஸ்கோ நகரில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1871 இல் அந்நகரிலேயே ஒரு சிறு மளிகைக் கடையைத் தொடங்கி, பிரித்தானியா முழுவதும் கிளைபரப்பிய வணிகராக உயர்ந்தவர். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை அவர் போட்டியிட்டார். ஐந்து கலங்களுக்கும் அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைப் பூண்டின் பெயரையே இட்டார். முதல் மூன்று முறையும் ஒரு பந்தயத்திலேனும் அவர் வெல்லவில்லை. 1920 இல் முதலிரு பந்தயங்களையும் வென்று, அடுத்த மூன்றிலும் தோற்றார். 1930 இல் நான்கு பந்தயங்களிலும் தோற்றார்.

அவருடைய அறைகூவல்கள் யாவும் றோயல் அல்ஸ்ரர் பாய்க்கலக் கழகத்தின் பெயரிலேயே விடப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்தின் மேட்டுக்குடியினரது கழகமான றோயல் யொட் ஸ்குவாட்ரன், மளிகைக் கடையிலிருந்து உயர்ந்த அவரை 1931 ஆம் ஆண்டிலேயே உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். செல்வம் படைத்தவரிடையேயும் பழைய செல்வம், புதிய செல்வம் என்ற பாகுபாடு எத்துணை வலுவாய் இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆனால் அமெரிக்கப் பொதுமக்கள் அவரை விரும்பினர். 1930 இன் தோல்விக்குப் பின் அவர்கள் பணந்திரட்டி அவருக்கு ஒரு பொற்கிண்ணம் வழங்கினர். பந்தயச் செய்திகளோடு அவரது தேயிலையின் பெயரும் அந்நாடெங்கும் பரவியது. கிண்ணம் கைவராதபோதும் வணிகம் தோற்கவில்லை.

தேயிலையும் கலமும்

லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890 ஆம் ஆண்டில். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1869 இல், கோப்பிச் செடியின் இலைகளை அழிக்கும் பூஞ்சண நோய் இத்தீவில் காணப்பட்டது. 1880 களில் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ச்சியுற்றுத் தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்தன. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அவ்விடத்தை நிரப்பலாயிற்று. இத்தருணத்தில் வந்த லிப்டன் ஊவாப் பகுதியில் தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற பொருள்பட அவர் செய்த விளம்பரம், இடைத்தரகரை நீக்கிய மலிவான தேயிலை என்ற எண்ணத்தைத் தொழிலாளர் குடும்பங்களிடையே வேரூன்றச் செய்தது.

இங்கு ஒரு வரையறை வேண்டும். ஷாம்றொக்கின் ஒவ்வோர் ஆணியும் ஊவாத் தேயிலையின் இலாபத்தால் அறையப்பட்டது எனக் கூறுதல் மிகையாகும். லிப்டனின் தொடக்கச் செல்வம் பன்றியிறைச்சி, வெண்ணெய், முட்டை முதலியவற்றின் விற்பனையால் வந்தது. அவர் விற்ற தேயிலையிலும் சொந்தத் தோட்டங்களில் விளைந்தது ஒரு சிறு பகுதியே. ஆனால் அவரைப் பிரித்தானிய வணிகர் என்ற நிலையிலிருந்து உலகறிந்த பெயராக உயர்த்தியது தேயிலையே என்பதில் ஐயமில்லை. அத்தேயிலையை யார் தோட்டத்திலிருந்து வாங்கியிருப்பினும், இலங்கையில் அதன் கொழுந்தைப் பறித்தோர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே.

ஐந்தாவது ஷாம்றொக் கட்டப்பெற்ற காலத்தில் அவர்களது நிலை யாது? 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியதும் இச்சிறு தொகையும் குறைக்கப்பட்டது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென அற்றனில் தொழிற்சங்கத்தை நிறுவியது 1931 இல், அதாவது லிப்டன் மறைந்த அதே ஆண்டில்.

கலத்தின் ஆக்கமும் 1930 ஆம் ஆண்டுப் போட்டியும்

கலத்தை வரைந்தவர் சார்ல்ஸ் நிக்கல்சன். கட்டியது கம்பர் அன்ட் நிக்கல்சன்ஸ் நிறுவனம். 1930 ஏப்பிரல் 14 ஆம் நாள் அது நீரில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 119 அடி நீளம் உடையது. எஃகினால் ஆன வங்குகளின்மீது மகோகனிப் பலகை அறைந்து கட்டப்பட்டது. பாய்மரம், ஸ்புரூஸ் மரத்துண்டுகளை ஒட்டி உள்ளே வெறுமையாகச் செய்யப்பட்டது. அது தாங்கிய பாய்களின் பரப்பு ஏறத்தாழ 7,500 சதுர அடி. அவ்வாண்டுப் போட்டி ஜே வகுப்பு எனப்பட்ட பெருங்கலங்களுக்கிடையே, நேரச்சலுகை எதுவுமின்றி, முன்னே வந்தது வெல்லும் என்ற அடிப்படையில் முதன்முறையாக நடத்தப்பட்டது.

பிரித்தானியக் கரையோரப் பந்தயங்கள் இருபத்திரண்டில் பதினைந்தை வென்ற பின்னர் ஷாம்றொக் அத்திலாந்திக்கைக் கடந்து றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டை அடைந்தது. அங்கே அதனை எதிர்கொண்டது ஹரோல்ட் வாண்டர்பில்ட் செலுத்திய என்ரபிறைஸ். அமெரிக்கக் கலத்தின் பாய்மரம் டூராலுமின் என்ற இலேசான கலப்புலோகத்தால் ஆனது. விமானத் தொழிலின் அறிவு அதில் புகுந்திருந்தது. அதன் மேற்றளத்துக்குக் கீழே கயிறிழுக்கும் சுழல்பொறிகள் பொருத்தப்பட்டு, அவற்றை இயக்குவதற்கென ஆட்கள் வெளிச்சம் காணாது பணிபுரிந்தனர். ஷாம்றொக்கிலோ பெரும்பாலும் மனிதக் கைகளே கயிற்றை இழுத்தன. மூன்றாம் பந்தயத்தில் அதன் பெரும்பாயை ஏற்றும் கயிறு அறுந்துவிடவே கலம் விலக நேர்ந்தது. நான்கிலும் வென்றது என்ரபிறைஸ். கைவினைக்கும் பொறியியலுக்கும் இடையிலான போட்டியாக இதனைக் கொள்வாருளர். இரண்டு நாடுகளின் கைத்தொழில் வளர்ச்சிக்கிடையிலான வேறுபாடு இங்கு வெளிப்பட்டது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

எசெக்ஸ் கரையின் மாலுமிகள்

பந்தய நூல்களில் உரிமையாளர், வரைஞர், தலைவர் ஆகியோரின் பெயர்கள் தவறாது இடம்பெறும். ஏறத்தாழ முப்பது பேராகக் கலத்தை ஓட்டிய மாலுமிகள் பெயரின்றியே நிற்பர். ஐந்தாவது ஷாம்றொக்கின் தலைவர் நெட் ஹேட், இங்கிலாந்தின் கீழ்க்கரையில் எசெக்ஸ் மாவட்டத்து ரொல்ஸ்பரி என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். ரொல்ஸ்பரி, பிறைற்லிங்சீ, வைவன்ஹோ முதலிய ஊர்களே பல தலைமுறைகளாகப் பிரித்தானியாவின் பந்தயக் கலங்களுக்கு மாலுமிகளை வழங்கிவந்தன. முந்திய ஷாம்றொக்குகளைச் செலுத்திய சிக்கமோர், றிஞ்ச் ஆகியோரும் பிறைற்லிங்சீயினரே.

இவர்கள் குளிர்காலத்தில் சிப்பியும் மீனும் பிடிப்போர். கோடை வந்ததும் பாய்க்கலங்களுக்குக் கூலிக்குச் செல்வர். பெருங்கலத்தின் தலைவராக அமர்ந்தவர் தம்மூரிலிருந்தும் உறவினரிடமிருந்தும் ஆட்களைத் தெரிந்தெடுப்பார். அதனால் தந்தையும் மைந்தரும், தமையனும் தம்பியும் ஒரே கலத்தில் ஆண்டுதோறும் பணிபுரிவது வழக்காயிற்று. கட்டளை வாயிலிருந்து வெளிப்படுமுன்னரே கை கயிற்றை நாடும் பழக்கம் இவ்வாறு நெடுங்காலம் கூடி உழைத்ததனால் வந்தது. மணல் திட்டுகள் நிறைந்த கழிமுகங்களில் மாறிவரும் நீரோட்டத்தை அறிந்து படகோட்டியோருக்குக் காற்றின் போக்கைக் கணிக்கும் கல்வி தனியாக வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய மாலுமிகளின் மதிப்பு 1934 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. லிப்டனுக்குப் பின் ஐந்தாவது ஷாம்றொக்கை வாங்கி அதில் பயின்ற விமானத் தொழிலதிபர் தோமஸ் சொப்வித், எண்டெவர் என்ற புதிய கலத்துடன் அறைகூவல் விடுத்தார். அமெரிக்கா சென்று திரும்பினால் குளிர்கால மீன்பிடியின் தொடக்கத்தை இழக்க நேரும் என்பதனால் மாலுமிகள் மேலதிக ஊதியம் கேட்டனர். சொப்வித் இசையவில்லை. பதின்மூவர் விலக்கப்பட்டு, அவர்களிடத்தில் பொழுதுபோக்காகப் பாயோட்டும் கனவான்கள் அமர்த்தப்பட்டனர். எதிர்க்கலத்தினும் விரைவானது எனப் பலரும் கருதிய எண்டெவர், முதலிரு பந்தயங்களையும் வென்று, பின்னர் தொடர்ந்து நான்கில் தோற்றது. இத்தோல்விக்கு ஊதியப் பிணக்கே முழுக்காரணம் எனல் பொருந்தாது. போட்டியின் நடுவே எடுக்கப்பட்ட பிழையான முடிவுகளும் காரணமாயின. எனினும், பழகிய கைகளை இழந்த கலம் அதற்குரிய விலையைக் கொடுத்தது என்பது மறுக்கவியலாதது.

கங்காணியும் கப்டனும்

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன்தரும். ரொல்ஸ்பரியின் கப்டன் தம்மூரவரையும் உறவினரையும் திரட்டிக் கலத்துக்குக் கொண்டுசென்றார். ஊவாத் தோட்டத்தின் கங்காணியும் தமிழகத்துத் தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டியே தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். முதலாளி நேரடியாக அறியாத தொழிலாளர் கூட்டத்தை ஊர்ப்பற்று, உறவுப்பற்று என்பனவற்றின் வாயிலாகப் பிணைத்துவைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. ஒரே செல்வரின் இருவேறு முயற்சிகள் ஒரே வகையான ஆட்சேர்ப்பின்மீது தங்கியிருந்தமை கருதத்தக்கது.

ஒற்றுமை இவ்வளவே. வேற்றுமைதான் பெரிது. எசெக்ஸ் மாலுமிக்குக் குளிர்காலத்தில் திரும்பிச்செல்ல ஊரும் படகும் இருந்தன. கூலி போதாதெனில் மறுத்து நிற்க அவனால் முடிந்தது. மறுத்தமைக்காக வேலையை இழந்தபோதும் அவனது வீட்டுக்கூரை முதலாளிக்கு உரியதாய் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளியோ புறப்படும்போதே வழிச்செலவின் கடனைச் சுமந்து வந்தான். அக்கடனைக் குறித்த துண்டு என்னும் சீட்டு இன்றி அவன் இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாதிருந்தது. 1921 இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும் லயன் அறை தோட்டத்துக்கே உரியதாயிருந்தது. வேலையை இழப்பவன் வீட்டையும் இழப்பான். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது. எதிர்த்து நிற்க ஒருவனுக்கு உறுதி மட்டும் போதாது, நிற்பதற்குச் சொந்த நிலமும் வேண்டும் என்பதையே இவ்வேற்றுமை காட்டுகின்றது.

கைமாற்றமும் செப்பனிடலும்

1930 முதல் 1937 வரை கட்டப்பட்ட ஜே வகுப்புக் கலங்கள் பத்து. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஐந்தாவது ஷாம்றொக், வெல்ஷீடா, எண்டெவர் என்னும் மூன்றே. ஏனையவை பழைய உலோகமாக உடைத்து விற்கப்பட்டன. வென்ற என்ரபிறைஸ் 1935 இலேயே உடைக்கப்பட்டது. தோற்ற கலம் நிலைத்தது. எஞ்சிய மூன்றனுள் மரப்பலகையால் ஆனது ஷாம்றொக் ஒன்றே.

1937 இல் அது இத்தாலியரான மாரியோ கிறெஸ்பியின் கைக்கு மாறி, நான்கிலைப் பூண்டு எனப் பொருள்படும் குவாட்ரிபோலியோ என்ற பெயரைப் பெற்றது. 1960 களில் அதனை வாங்கிய மற்றோர் இத்தாலியரான பியேறோ ஸ்கானு, அதனைக் கட்டிய நிறுவனத்திடமே கொண்டுசென்று விரிவான திருத்தங்களைச் செய்வித்தார். 1986 இல் ஐக்கிய அமெரிக்காவின் லிப்டன் தேயிலை நிறுவனம் அதனை வாங்கி நியூபோர்ட் பாய்க்கல அரும்பொருளகத்துக்கு நன்கொடையாக அளித்தது. எண்டெவரைச் சிதைவிலிருந்து மீட்ட எலிசபெத் மேயரின் முயற்சியால் ஷாம்றொக்கும் செப்பம் பெற்று, 1989 இல் இருகலங்களும் நியூபோர்ட்டில் ஒன்றையொன்று எதிர்த்து ஓடின. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜே வகுப்புக் கலங்கள் இவ்வாறு எதிர்நின்றதில்லை. 2001 இல், அமெரிக்கக் கிண்ணத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவின்போது, மூன்று கலங்களும் வைற் தீவைச் சுற்றிப் பந்தயத்தில் ஈடுபட்டன.

இத்தகைய கலத்தைச் செப்பனிடுதல் எளிதன்று. எஃகு வங்கும் மரப்பலகையும் ஒன்றாகச் சேர்ந்த உடலில், பலகையின் இடுக்கு வழியே கசியும் உப்புநீர் வங்கையும் ஆணியையும் துருப்பிடிக்கச் செய்கின்றது. துரு பருத்துப் பலகையைப் பிளக்கின்றது. வங்கைப் பார்ப்பதற்குப் பலகையைக் கழற்றவேண்டும். கழற்றிய பலகை பலவேளை மீண்டும் பொருத்தத் தகுதியற்றதாய்விடும். புதிய பலகையை வளைத்துப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பது இன்றும் கைத்தொழிலாளரின் வேலையே. கலத்தைக் கரையில் வைத்துக் காட்சிப்பொருளாக்கவும் இயலாது. உலர்ந்த பலகை சுருங்கி இடுக்குகள் அகலும். நீரில் மிதந்துகொண்டிருப்பதே மரக்கலத்துக்கு ஆயுள். ஆனால் பந்தயத்தில் ஓடும்போது உயர்ந்த பாய்மரத்தின் இழுவை கலத்தின் இரு முனைகளையும் மேனோக்கி இழுத்து ஏராவை வருத்துகின்றது. ஓடினால் தேய்வும் ஓடாதுவிட்டால் உலர்வும் என்ற இந்த இருதலை நிலையில், கலத்தைக் காப்போர் ஒவ்வொரு பருவத்திலும் முடிவெடுக்க வேண்டியவராகின்றனர்.

இவ்வாறு பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட கலம் பழைய கலம்தானா என்ற வினா எழும். நமது கோயில்கள் கற்றளியாகவும் செங்கல்லாகவும் மீண்டும் மீண்டும் திருப்பணி பெற்றும் அதே கோயிலாகக் கருதப்படுவதை நாம் அறிவோம். ஆங்கு கோயிலின் தொடர்ச்சி கல்லில் இல்லை, இடத்திலும் வழிபாட்டிலும் உள்ளது. கலத்தின் தொடர்ச்சி அதன் வடிவிலும், அவ்வடிவை மீட்கும் கைப்பழக்கத்திலும், அதை ஓட்டும் அறிவிலும் உள்ளது எனலாம். எனவே கலத்தைப் பேணுதல் என்பது அடிப்படையில் ஒரு தொழிலறிவைப் பேணுதலேயாகும்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு சான்று

ஐந்தாவது ஷாம்றொக் கட்டப்பெற்ற 1930 களின் தொடக்கத்தை ஒட்டி வல்வெட்டித்துறையில் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் கட்டப்பெற்றது. அதனை வாங்கிய அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன், தம் மனைவியின் பெயரால் புளோறென்ஸ் சீ. றொபின்சன் எனப் பெயர்மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச்சென்ற அக்கப்பல் 1938 இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதுவும் அத்திலாந்திக்கைப் பாய்களால் கடந்த மரக்கலமே. உரிமையாளரின் பெயர் கப்பலில் எழுதப்பட்டது. ஓட்டியோரைத் தம்மவராக நினைவிற் கொண்டிருப்பது அவர்களது ஊர்தான். ரொல்ஸ்பரிக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே எவ்வளவு கடல் இருப்பினும், இவ்விடயத்தில் இரண்டும் ஒரே வகையான ஊர்கள்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஐந்தாவது ஷாம்றொக் நிலைத்திருப்பதற்குப் பலவகை உழைப்புகள் காரணமாயின என்பது பெறப்படும். கொஸ்போர்ட்டின் தச்சர் கட்டினர். எசெக்ஸின் மீனவர் ஓட்டினர். பிற்காலக் கைத்தொழிலாளர் மீட்டனர். அதற்கு உரியவரின் செல்வத்தையும் புகழையும் வளர்த்தோருள் ஊவா மலைச்சரிவிற் கூடை சுமந்த தமிழ்ப் பெண்கள் முதன்மையானவர். முதல் மூவரையும் பாய்க்கல வரலாறு ஓரளவேனும் குறிப்பிடுகின்றது. நான்காமவரை அவ்வரலாறு குறிப்பிடுவதில்லை. தம்பேத்தன்னைக்கு மேலுள்ள சிகரம் இன்றும் லிப்டன் அமர்ந்து பார்வையிட்ட இடம் என்றே காட்டப்படுகின்றது. அங்கிருந்து அவர் பார்வையிட்ட மனிதரின் பெயர்கள் அங்கில்லை.

ஒரு கலத்தின் பலகைகளைக் காப்பதற்குப் பெருஞ்செல்வம் செலவிடப்படுவதை நாம் குறைகூறவேண்டியதில்லை. அத்தொழிலறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. ஆனால் அதேயளவு அக்கறை உழைத்தோரின் சுவடுகளுக்கும் உரியது என்பதை வற்புறுத்த வேண்டியுள்ளது. ஹந்தானையில் உள்ள தேயிலை அரும்பொருளகம் பொறிகளையும் தோட்டத்துரைமாரின் நினைவுகளையும் பேணுகின்றது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் அறைகளையே காட்சிக்கூடமாக்கிய தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் மறுபக்கத்தைக் காட்ட முயல்கின்றது. இம்முயற்சி விரிவடைய வேண்டும். தோட்டங்களின் செக்றோல் பதிவேடுகள், கங்காணிமாரின் கணக்குகள், துண்டுச் சீட்டுகள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டிப் பேணுவது நமது பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வாளருக்குரிய கடன். மரம் உலருமுன் நீரில் இறக்கப்படவேண்டும் என்பது கலம் காப்போர் அறிந்த விதி. ஏடுகளுக்கும் நினைவுகளுக்கும் அத்தகைய காலவரையறை உண்டு.